ஏழு வெள்ளி முப்பத்தொரு சென்

ஐந்நூறு என்று அடித்தேன்.
அழித்தேன்.
நானூற்றைம்பது.
அதுவும் கண்ணை உறுத்தியது,
இரவல் நகை போட்டுக்கொண்டு பந்தியில் உட்கார்ந்த மாதிரி.
முந்நூறு என்று வைத்து
கூடவே ஒரு சிரிப்பு முகத்தையும் ஒட்டி அனுப்பினேன்,
ஆ லியோங் டயர் கடைக்கு.

மூச்சு விடுவதற்குள் பதில்:
ஓகே.

அந்த இரண்டெழுத்தை
இரவெல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
ஒரு 'மஹால் லா' சொல்லியிருக்கலாம்,
ஒரு 'குராங் சிக்கிட்'.
பூட்டாத வீட்டுக்குள் வருகிறவரைப் போல
கதவைக்கூடத் தட்டாமல்
என் விலைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டார்.

அப்பா கேட்டார்:
"முந்நூறா? உக்காந்துகிட்டேவா?
காத்தாடிக்கு அடியிலயா?"

எங்கள் வீட்டில் யாரும் விலை சொன்னதில்லை.
ஒரு டன் குலைக்கு இவ்வளவு,
ஒரு மூட்டை உதிரிக்கு இவ்வளவு.
தோட்டத்து ஆபீஸ் பலகையில் ஒட்டியிருக்கும்.
மழைச்சாரலில் மை கசியும்,
அம்மா அதைக் கண்ணைச் சுருக்கிப் படிப்பாள்.
எழுதிய கையை நாங்கள் பார்த்ததே இல்லை.

கைப்பேசியில் ஒரு காணொளி.
கோலாலம்பூர்ப் பையன், முதுகுக்குப் பின்னால் நீல விளக்கு,
"உன் மதிப்பை நீயே முடிவு செய்" என்று தொடங்கினான்.
பாடாங் செராயில் இடி இடித்து
வைஃபை போனது.
திறந்த வாயோடு
அரைமணி நேரம் அப்படியே நின்றான்.

வேலை நாற்பத்தொரு மணி நேரம்.
சிவப்பு வேண்டும்,
இந்தச் சிவப்பு இல்லை, அங்பாவ் சிவப்பு.
'சும்மா ஒரு சின்ன மாற்றம்'
பதினொன்று.
நடுவில் கோவில் கமிட்டிச் செயலாளர் ஒருமுறை அழைத்து
"சேவைதானேம்மா" என்றார்.
அதற்கு எண்ணே கிடையாது.

வியாழக்கிழமை
அவர் கடைக்குக் கொஞ்சம் முன்னால்
என் மோட்டார் சைக்கிளின் பின் டயர் உட்கார்ந்துவிட்டது.
செம்பனை லோரி சிந்திவிட்டுப் போன முள்.
தள்ளிக்கொண்டு போனேன்.
டியூப் மாற்றினார். பத்து நிமிடம்.
துணியில் கையைத் துடைத்தபடி
என் பக்கம் திரும்பாமலே
"இருபத்தெட்டு" என்றார்.

நம்ம பொண்ணாயிற்றே என்று
மூன்று வெள்ளிகூடத் தள்ளவில்லை.
எனக்குக் கோபமும் வரவில்லை,
அதுதான் அதிசயம்.
சுவரில் ஓர் அட்டை, அவர் கையெழுத்து:
டியூப் பதினாறு.
கூலி பன்னிரண்டு.

சிவப்பு விளக்கில் நின்றபோது வகுத்தேன்,
முந்நூறை நாற்பத்தொன்றால்.
ஏழு வெள்ளி முப்பத்தொரு சென்.
கரண்டு பில்லையும்
மடிக்கணினித் தவணையையும் கழிக்கவில்லை.
கழிக்கப் பயம்.
பின்னால் யாரோ ஹார்ன் அடித்தார்கள்.

இன்று புஷ்பலீலா அக்கா.
மணமேடை அலங்காரம் செய்கிறவர், ஆறு பக்கம் வேண்டுமாம்.
"நம்ம ஆளுங்களுக்கு எவ்ளோ?"

ஆயிரத்து நூறு என்று அடித்தேன்.
விரல் சிரிப்பு முகத்தைத் தேடிப் போனது.
இழுத்துக்கொண்டேன்.
இரண்டு நீலக் குறி.
பிறகு ஒன்றுமில்லை.

துணி மடித்தேன்.
மடித்ததையே மறுபடி மடித்தேன்.
பாசார் மாலம் போய்
அப்பாம் பாலிக் வாங்கி வந்தேன், அதுவும் ஆறிப்போனது.
'எழுதுகிறார்' என்று வந்தது, போனது,
வந்தது.

"கொஞ்சம் கொறைக்கலாமாம்மா?"

போன மாதமென்றால்
நன்றி சொல்லிக்கொண்டே பாதியாக்கியிருப்பேன்.
"குறைக்கலாம் அக்கா" என்று எழுதினேன்.
"ஆறு பக்கம் கேட்டீங்க.
நாலு பக்கம்னா எண்ணூறு."

அனுப்பிவிட்டுக்
கைப்பேசியைக் குப்புறப் போட்டேன்,
உடனே நிமிர்த்தினேன்.
ஒரே ஒரு குறி, சாம்பல் நிறம்.
அக்கா நெட்டை அணைத்துவிட்டார் போல.
அல்லது அங்கேயும் மழை.

எண்ணூறு
பக்கத்தில் யாரும் சிரிக்காமல்
தனியாக நிற்கிறது.
அப்பாம் பாலிக்கைப் பிய்த்து வாயில் போடுகிறேன்.
ஆறியும் மோசமில்லை.
மூன்று வெள்ளி ஐம்பது சென்,
பேரம் பேசாமல் வாங்கியது.